முப்பத்திரண்டு மீட்டர் காலியிடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த ஃபேக்டரியிலாவது ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடந்தால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனசு வராது. முதலில் யாரோ ஒருத்தர் வெயிலுக்கு ஒதுங்கி பைக்கை நிறுத்துவார். அடுத்த வாரம் பத்து பைக். அப்புறம் உடைந்த மரப்பலகை, துருப்பிடித்த பைப், காயலான் கடைக்குப் போக வேண்டிய ஏசி. ஒரு ஆயுத பூஜைக்கு ஷாமியானா போடுவார்கள்; பூஜை முடிந்த பிறகும் ஷாமியானா எழுந்து போகாது. கடைசியில் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. அவரைக் கிளப்ப எந்த ஐஎஸ்ஓ சான்றிதழாலும் ஆகாது.

அப்பேர்ப்பட்ட ஊரில், சுபிக்ஷம் ரெசின்ஸ் கம்பெனிக்குள் முப்பத்திரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு காலியிடத்தை ஒன்பது வருஷமாகக் காபந்து பண்ணி வைத்திருந்தவர் ஜெரால்ட். அங்கே அவர் லேஅவுட் டிசைனர். எந்த டேங்க் எங்கே நிற்க வேண்டும், எந்த ஷெட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எது எதற்குப் பக்கத்தில் வரவே கூடாது என்று படம் போடுகிற வேலை. மற்ற டிசைனர்கள் தாங்கள் கட்டியதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். ஜெரால்ட் கட்டாமல் விட்டதைக் காட்டி அடித்துக்கொள்வார்.

காலியிடத்துக்கு இந்தப் பக்கம் தொலுயீன் டேங்குகள். பெயின்ட் தின்னர் வாசனை அடிக்கும், தீக்குச்சியைக் கண்டால் சொந்தக்காரனைக் கண்டதுபோல் பாயும் திரவம். அந்தப் பக்கம் ஃபில்லிங் ஷெட். ஷிஃப்டுக்கு முப்பத்தெட்டுப் பேர் டிரம்மில் ரெசின் என்கிற பிசினை நிரப்புகிற இடம். டேங்க் பற்றிக்கொண்டால் அனல் எவ்வளவு தூரம் போகும் என்று ஜெரால்ட் கணக்குப் போட்டிருந்தார். முப்பத்திரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் ஆளுக்குச் சுடும், ஷெட்டுக்குத் தீப்பிடிக்காது. ஓடிப் பிழைக்க நேரம் இருக்கும். தீக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நடுவில் கால் வைக்க ஒரு இடம் வேண்டும். அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் அந்த டிசைனே.

இது கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட் அன்புசெல்வனுக்குப் புரியவில்லை. அவருடைய முழுப் பதவி, ஆப்பரேஷன்ஸ் அண்ட் எக்ஸலன்ஸ். எக்ஸலன்ஸ் என்பது தனி டிபார்ட்மெண்ட். அதில் அவர் ஒருத்தர்தான். மாசத்துக்கு ஒரு தடவை மஞ்சள் ஹெல்மெட்டுகளுக்கு நடுவே வெள்ளை ஹெல்மெட்டோடு ரவுண்ட்ஸ் வருவார். காலியிடம் வந்ததும் நிற்பார்.

"மிஸ்டர் ஜெரால்ட், இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இருக்கக் கூடாதுன்றதுக்குத்தான் சார்."

"லேண்ட் இஸ் அன் அசெட், ஜெரால்ட்" என்று பெருமூச்சு விடுவார் அன்புசெல்வன். பின்னாலேயே வரும் நாலு பேரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். ஐந்தாவதாக ஒருத்தர் மட்டும் விடமாட்டார். கடைசியில் நின்று ஜெரால்டைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டுவார். அவர்தான் சேஃப்டி ஹெட் நாராயண்.

ஜெரால்ட் பொன்னேரிக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாராயண் திருவள்ளூர் சன்னிதித் தெரு. அவருடைய அண்ணன் இன்னும் கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார். இருவரையும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதில் சுவர் சேர்த்து வைத்தது. இதே சிப்காட்டில், இப்போது பெயர் மாற்றிக்கொண்டு நல்லபடியாக நடக்கிற இன்னொரு கம்பெனியில், வெல்டிங் பொறி ஒரு டிரம்மில் விழுந்தது. டிரம்மிலிருந்து ஷெட், ஷெட்டிலிருந்து பக்கத்து ஷெட், அங்கிருந்து அதற்கும் பக்கத்து ஷெட் என்று தீ படி ஏறுகிற மாதிரி ஏறியது. அங்கே வேலையிலிருந்த இவர்கள் இரண்டு பேரும் பின்பக்க மதிலை ஏறிக் குதித்தார்கள். ஜெரால்டுக்கு பேண்ட் கிழிந்தது, நாராயணுக்கு முள்கம்பியில் பூணூல் அறுந்தது. உள்ளே மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் ஹெல்பர் கலியன். அன்று காலை டீ வாங்கி வந்து கொடுத்தவன்.

மறுநாள் அந்தக் கம்பெனி முதலாளி "எதிர்பாராத சம்பவம்" என்று பேட்டி கொடுத்தார். இவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சுற்றிய காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். இரண்டாவது ஷெட் இன்னும் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்திருந்தால் கலியன் மறுநாளும் டீ வாங்கி வந்திருப்பான். அன்றைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். ஜெரால்ட் படம் போடுவார், நாராயண் நோண்டி நோண்டிச் சரிபார்ப்பார், இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகாது. சுபிக்ஷத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஜெரால்ட் அவரை "அய்யங்காரே" என்பார், அவர் இவரை "பாதிரி" என்பார். இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் இரண்டு குடும்பமும் போய் வந்தன.

மே மாதம், வருஷாந்திர ஷட்டவுன். ஃபேக்டரியை நிறுத்திவிட்டு எல்லா மெஷினையும் பிரித்துப்போட்டுப் பூட்டுகிற காலம். ஜெரால்டின் ஆட்கள் திசைக்கு ஒருத்தராக அலைந்துகொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு கேன்டீனில் அவர் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தபோது நாராயண் ஒரு பெரிய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாதிரி, ஒரு கையெழுத்து."

"இன்னாது?"

"இன்ஸ்பெக்ஷன் ஆபீஸ்ல ரெண்டு குறிப்பு எழுதியிருக்கா. கண் கழுவற குழாய் எங்கேன்னு படத்துல காட்டணுமாம். ஃபில்லிங் ஷெட் பின்கதவு வெளிப்பக்கமா திறக்கணுமாம். உன் பசங்க பாவம் ஷட்டவுன்ல லோல்படறாளேன்னு அம்பத்தூர்ல ஒரு டிராயிங் ஆபீஸ்ல கொடுத்து நானே மாத்திண்டு வந்துட்டேன்."

"கதவு உள்பக்கமா தொறக்கற மாதிரியா வெச்சிருந்தேன்? எனக்கே தெர்ல பாரு" என்றார் ஜெரால்ட், இட்லியைப் பிய்த்துக்கொண்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி நெளிநெளியாக ஒரு கோடு போட வேண்டும். கிளவுட் என்பார்கள். கையெழுத்துப் போடுகிறவர் கிளவுடுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வெளியே இருப்பதெல்லாம் பழசு, போன தடவையே பார்த்தாயிற்று என்று அர்த்தம். ஒரு படத்தில் இரண்டாயிரம் எண் இருக்கும். ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படிப்பது என்றால் படித்து முடிப்பதற்குள் ரிட்டயர்மெண்ட் வந்துவிடும். ஆகவே தொழிலே அந்த நெளிகோட்டை நம்பித்தான் ஓடுகிறது.

படத்தில் இரண்டு கிளவுட் இருந்தது. ஒன்றுக்குள் குழாய், ஒன்றுக்குள் கதவு. இரண்டும் சரி. பழக்க தோஷத்தில் ஜெரால்டின் கண் தன் செல்லப் பிள்ளையையும் ஒரு தடவை பார்த்தது. டேங்குக்கும் ஃபில்லிங் ஷெட்டுக்கும் நடுவே 32,000 என்ற எண், மில்லிமீட்டர் கணக்கில், அசையாமல் அதே இடத்தில் இருந்தது. இடது கையால் பேனாவை வாங்கி, வலது கைக்கு மாற்றி, போட்டுவிட்டார். படத்தின் மூலையில் ஒரு சாம்பார் சொட்டு விழுந்தது.

"அய்யய்யோ, இன்ஸ்பெக்ஷன் ஆபீஸுக்கு சாம்பாரோட போவுது அய்யங்காரே. ஒரு காபி சாப்ட்டுப் போ."

"இல்லடா, வேலை இருக்கு."

நாராயண் காபி வேண்டாம் என்று சொல்லி ஜெரால்ட் கேட்டதில்லை. அப்போது அது உறைக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஜெபா அவருடைய சீட்டுக்கே வந்து நின்றாள். ஃபில்லிங் ஷெட்டில் வேலை பார்க்கிறவள். சேஃப்டி கமிட்டியில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். கமிட்டியில் பன்னிரண்டு பேர். கேள்வி கேட்பது அவள் ஒருத்திதான் என்பதால் நிர்வாகத்தில் அவளுக்கு 'நெகட்டிவ்' என்று பெயர்.

"சார், எங்க ஷெட்டாண்ட சுண்ணாம்புக் கோடு போட்டுக்கினு இருக்காங்க. இன்னா கட்டப் போறீங்க?"

"ஒண்ணும் கட்டலயேம்மா."

"அப்ப அந்த மேஸ்திரி கோலம் போட்டு பழகுறாரா?"

ஜெரால்ட் சிரித்துக்கொண்டேதான் போனார். இந்த மாதிரி எத்தனை பேரை விரட்டியிருக்கிறார். பைக் ஸ்டாண்டை விரட்டினார், பிள்ளையாரைக்கூட கேட் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து நகர்த்தினார். காலியிடத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு நீளச் சதுரம். அதற்குள் குந்தியபடி அருணாச்சலம் மேஸ்திரி. பொதட்டூர்பேட்டைக்காரர்.

"யோவ் மேஸ்திரி! யாரக் கேட்டு இங்க கோடு போட்ட?"

"படத்தக் கேட்டு நைனா" என்று சொல்லி மடித்து வைத்திருந்த ஜெராக்ஸை நீட்டினார் அருணாச்சலம்.

ஜெரால்ட் பிரித்தார். காலியிடத்தின் நடுவே, எறும்பு அளவு எழுத்தில், 'பெராக்சைடு ஸ்டோர்'. சுற்றி நெளிகோடு எதுவும் இல்லை, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல் இருந்தது. டேங்கிலிருந்து அதற்குப் பதினாலு மீட்டர், அதன் அகலம் ஆறு, அதிலிருந்து ஃபில்லிங் ஷெட்டுக்குப் பன்னிரண்டு. மேலே, எல்லாவற்றுக்கும் குடை பிடித்ததுபோல், 32,000. கீழே அவருடைய கையெழுத்து. மூலையில் சாம்பார் சொட்டு. ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே நைனா?" என்றார் மேஸ்திரி, நல்லெண்ணத்தோடு.

ஜெபா எட்டிப் பார்த்தாள். "பெராக்சைடுன்னா அந்த ஏசி ரூம்ல வெப்பாங்களே, அதானே சார்? கிட்ட செல்போன்கூட எடுத்துனு போவக் கூடாதுன்னு சொல்வீங்களே?"

அதேதான். ரெசினைக் கெட்டியாக்கப் போடுகிற சரக்கு. குளிர்ச்சியாக இருக்கும் வரை சாது. சூடு ஏறினால் வெளியிலிருந்து நெருப்பே வேண்டாம், தன்னால் வெடிக்கும். அதற்குக் கட்டப்போகிற புது ஸ்டோரைக் கிழக்கு மதில் ஓரம், யாரும் போகாத மூலையில் வைத்துத்தான் ஜெரால்ட் படம் போட்டிருந்தார். இப்போது அது டேங்குக்கும் முப்பத்தெட்டுப் பேருக்கும் நடுவில். தீ கால் வைக்க இடம் தேடுமே, அதற்குப் படிக்கல் செதுக்கி, பக்குவமாகப் பதித்து, இவர் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

"எப்ப கான்கிரீட்?"

"வெள்ளிக்கெழம பூஜை. முடிச்சவுடனே லாரி வந்துடும்" என்றார் மேஸ்திரி.

நாராயணின் அறைக் கதவில் 'பாதுகாப்பே எங்கள் சுவாசம்' என்று ஒட்டியிருந்தது. ஜெரால்ட் தட்டாமல் நுழைந்தார். நாராயண் அவர் கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தார். 'என்ன' என்று கேட்கவில்லை. அதிலேயே ஜெரால்டுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. அம்பத்தூர்க்காரன் தப்பு பண்ணிவிட்டான் என்று நாராயண் பதறி எழுந்திருப்பார் என்றுதான் அந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டு வந்தார்.

"உக்காரு."

"இது எப்டி இங்க வந்திச்சி?"

"முப்பத்திரண்டு அப்படியேதான் இருக்கு ஜெரால்ட்."

"நடுவுல இன்னா இருக்கு?"

"நடுவுல ஒரு ஸ்டோர். சின்னது. நாலு பக்கமும் ஸ்பிரிங்க்ளர் போடறோம். நானே சாங்ஷன் வாங்கியிருக்கேன்."

"கலியன் இருந்த ஷெட்லயும் ஸ்பிரிங்க்ளர் இருந்திச்சி."

நாராயண் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். கிழக்கு மதில் ஓரம் அன்புசெல்வனுக்கு வேண்டுமாம். ஜெர்மனியிலிருந்து கஸ்டமர் வருகிறார்கள். அவர்களுக்காக 'எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்' கட்டப்போகிறார். முழுக்கக் கண்ணாடி. கல்கத்தா ஹைவேயில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும். உள்ளே ஃபேக்டரியின் தெர்மாகோல் மாடல் ஒன்று வைப்பார்கள். மாடல் பழைய படத்தைப் பார்த்துச் செய்தது, ஆகவே அதில் காலியிடம் பத்திரமாக, பச்சை ஸ்பாஞ்சில் புல்லோடு இருந்தது.

"முடியாதுன்னு சொல்றதுதான?"

"ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை, 'ஜெரால்ட் கையெழுத்து இருந்தா உமக்கு ஆட்சேபணை உண்டா'ன்னு கேட்டார். இல்லேன்னுட்டேன்."

"அப்புறம் கெளவுடு ஏன் போடல?"

நாராயண் பேப்பர் வெயிட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"கேக்கறேன்ல. கெளவுடு ஏன் போடல?"

"போட்டிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

ஜெரால்டுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"வேற எவன் எத்துனு வந்திருந்தாலும் ஒரு ஒரு நம்பரா படிச்சிருப்பேன்யா."

"தெரியும்" என்றார் நாராயண் மெதுவாக. "அதனாலதான் என்னண்ட கொடுத்து அனுப்பினா."

மேஜையில் ஒரு புதுப் பெயர்ப் பலகை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. 'நாராயண், ஜெனரல் மேனேஜர், கார்ப்பரேட் சேஃப்டி'. ஜெரால்ட் அதைப் பார்த்ததை நாராயண் பார்த்தார். பலகையைக் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது, இருநூற்று எண்பது ரூபாய்.

சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போனதும் மனைவி ஏஞ்சலினிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கையெழுத்த வாபஸ் வாங்க முடியாதா?"

"முடியும். படிக்காம போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா படம் செல்லாது. கான்கிரீட்ட நிறுத்தணும்."

"அப்ப குடு."

"குடுத்தா அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக்காரனும் எங்கிட்ட படம் நீட்ட மாட்டான். படிக்காம கையெழுத்துப் போட்றவன்னு ஆயிடும். இருபத்திரண்டு வருஷம் ஏஞ்சலின்."

"படிச்சிட்டா போட்ட?"

"இல்ல."

"அப்ப ஆவறதுக்கு இன்னா இருக்கு? ஏற்கனவே ஆயிடுச்சி. அந்த முப்பத்தெட்டுப் பேருக்குத்தான் தெரியாது." கீரைத் தண்டை முறித்தாள். "நாராயண் அண்ணனா இதப் பண்ணாரு? நம்ம பொண்ணு ஞானஸ்நானத்துக்கு வந்து மோதிரம் போட்டாரே."

ஜெரால்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கீரைக் கட்டைப் பிரித்தார்.

வியாழக்கிழமை சேஃப்டி கமிட்டி. வழக்கம்போல் எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். 'என் உயிரையும் சக ஊழியர் உயிரையும்' என்ற வரி வரும்போது அன்புசெல்வன் எப்போதும் கண்ணை மூடுவார், இன்றும் மூடினார். பிறகு 'விபத்தே இல்லாத இரண்டாயிரத்து முப்பது' என்று பதினாறு ஸ்லைடு காட்டினார். பதினோராவது ஸ்லைடில் ஒரு புறா பறந்தது. அதன் பொருத்தம் யாருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள்.

"எனி அதர் பாயிண்ட்ஸ்?" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பை மூடினார். பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது.

"ஒண்ணு இருக்கு சார்" என்றாள் ஜெபா. "டேங்குக்கும் எங்க ஷெட்டுக்கும் நடுவுல பெராக்சைடு ஊடு கட்டப் போறீங்களாமே. போன வருசம் ட்ரெய்னிங்ல ஜெரால்ட் சார் தான சொன்னாரு, அங்க ஒரு சைக்கிள்கூட நிக்கக் கூடாதுன்னு?"

அன்புசெல்வன் கனிவாகச் சிரித்தார். "ஜெபா, ஐ அப்ரிஷியேட் யுவர் கன்சர்ன். பட் எல்லாம் சயின்டிஃபிக்கா பண்ணியிருக்கோம். டிசைன் பண்ணவரே கையெழுத்துப் போட்டிருக்கார். நாராயண், படத்தைக் காட்டுங்க."

நாராயண் படத்தை விரித்தார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெபா படத்தைப் பார்க்கவில்லை, ஜெரால்டைப் பார்த்தாள்.

"சார், இது நீங்க போட்ட கையெழுத்தா?"

"ஆமாம்மா."

அவள் முகம் விழுந்தது. ஒரு விநாடி அறையில் எல்லோருக்கும் நிம்மதி. அன்புசெல்வன் எழுந்திருக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா படிக்காம போட்டேன்" என்றார் ஜெரால்ட்.

அன்புசெல்வன் பாதி எழுந்த நிலையில் நின்றார். "சாரி?"

"அந்த ஸ்டோர் அங்க இருக்குன்னு தெரியாமலே போட்டேன். அது மாறினதுக்கு அடையாளமும் போடல. ஆனா அது எனக்குச் சாக்கு இல்ல. முழுப் படத்தையும் பார்த்துட்டேன்னுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். நான் பார்க்கல. அந்தக் கையெழுத்த வாபஸ் வாங்கறேன்."

"மிஸ்டர் ஜெரால்ட், நாம இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்."

"இல்ல சார். கமிட்டியில பேசினது மினிட்ஸ்ல வரணும்." கமிட்டிக்குச் செயலாளர் நாராயண். மினிட்ஸ் புத்தகம் அவர் முன்னால்தான் திறந்து கிடந்தது. ஜெரால்ட் அவர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க நாராயண் சார்."

பதினாலு வருஷத்தில் அந்த 'சார்' முதல் தடவை. நாராயணின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. அன்புசெல்வன் அவரையே பார்த்தார், வேண்டாம் என்று. ஜெபா பார்த்தாள், எழுது என்று. கடைசியில் அவர் எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு, முத்து முத்தாக. 'லேஅவுட் டிசைனர் ஜெரால்ட் தாம் படத்தை முழுமையாகப் பார்க்காமல் ஒப்பமிட்டதாகத் தெரிவித்தார்.' அடையாளம் போடாதது பற்றி எழுதவில்லை. ஜெபா புத்தகத்தை இழுத்துப் படித்தாள்.

"அடையாளம் போடலன்னு சொன்னாரே, அது எங்க?"

அதையும் எழுதினார். 'யாரால்' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த ஐயர் கேட்டிலேயே காபி குடித்துவிட்டுத் திரும்பினார். கான்கிரீட் லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டே வந்து, சுழற்றிக்கொண்டே போனது. ஃபில்லிங் ஷெட்டில் ஜெபா யாரிடமும் பெருமை பேசவில்லை. மதிய இடைவேளையில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்தாள். மேஸ்திரி அருணாச்சலம், "கூலி குடுத்துட்டு அழிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே தானும் ஒரு பக்கம் தேய்த்தார்.

கம்பெனி உடனே ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டது. படம் எப்படி மாறியது என்று அல்ல. ஜெரால்ட் எப்படிப் படிக்காமல் கையெழுத்துப் போடலாம் என்று. எக்ஸலன்ஸ் டிபார்ட்மெண்ட் இந்த விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது என்று அன்புசெல்வன் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். விசாரணை அதிகாரியாக, 'பாதுகாப்பில் நீண்ட அனுபவமும் நடுநிலையும் கொண்ட' ஜெனரல் மேனேஜர் நாராயண் நியமிக்கப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை தயார் என்று கூப்பிட்டார். மாலை நாலு மணி. ஜெரால்ட் போனபோது மேஜையில் பதினொரு பக்கம் பின் அடித்து இருந்தது. ஆங்கிலத்தில். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

"உன்னை டாக்குமெண்ட் செக்ஷனுக்கு மாத்தியிருக்கு. வேலை போகலை, அதுக்கு மேலே என்னால முடியலை" என்றார் நாராயண். குரல் தணிந்திருந்தது. "ஸ்டோரும் பழைய இடத்துக்கே போறது. கண்ணாடிக் கட்டடத்தைக் கேட் பக்கம் மாத்திண்டுட்டார். நீ நினைச்சது நடந்தது ஜெரால்ட். ஒரு கையெழுத்துப் போட்டுட்டா இன்னிக்கே முடிஞ்சுடும். வேன் அஞ்சரைக்கு."

ஜெரால்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"முழுசா படிக்கப் போறியா?"

"ஆமா சார்."

நாராயண் காத்திருந்தார். இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம். ஜெரால்டின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. ஆபீஸ் பையன் இரண்டு காபி கொண்டுவந்து வைத்தான், ஒன்றுதான் காலியானது. நாலேமுக்கால் ஆயிற்று. வெளியே ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியது. ஃபில்லிங் ஷெட்டிலிருந்து ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு கேட் பக்கம் போனார்கள்.

ஏழாவது பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. பெராக்சைடு ஸ்டோர் கிழக்கு மதில் ஓரத்திலேயே அமைக்கப்படும் என்ற வாக்கியம் அது. அதன் நடுவில் இரண்டு ஆங்கிலச் சொற்கள். தமிழில் சொன்னால், 'இயன்ற வரை'.

ஜெரால்ட் படத்துக்குப் போடுகிற சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த இரண்டு சொற்களையும் அடித்தார். சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினார்.

நாராயண் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சத்தியமா அது நான் போட்டதில்லை ஜெரால்ட். டைப் ஆகி மேலே போய் வந்தது. பெருமாள் சத்தியமா. நான் கவனிக்கவே இல்லை."

உண்மையாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே வாய் சொல்லியிருந்தால் ஜெரால்ட் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். இப்போது நாராயணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது நல்ல முகமாகவே இருந்தது, கண்கூடக் கலங்கியிருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"சரி சார்" என்றார். "உங்க வேன் போயிடப் போவுது. நீங்க கெளம்புங்க. எனக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கு."

நாராயண் கிளம்பவில்லை. ஜெரால்ட் எட்டாவது பக்கத்தைத் திருப்பினார்.